லில்லிக்காக ஒரு சித்தர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சமாதானம் சொல்ல வராதீர்கள். இலக்கியக் கூட்டங்களில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, அந்தப் பொய் இல்லை இது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்து, மதில்சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, பட்டப்பகலில் நான் சொன்ன பொய். சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடக் குழறவில்லை. வர்ணனை வேறு நன்றாக அமைந்துவிட்டது.

அதை ஒரு கதையாக எழுதிவிட்டால் மனசு கொஞ்சம் ஆறும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆறுதலுக்காகப் படிப்பவர்கள் இங்கேயே மூடிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"திருவண்ணாமலையில் இந்த லில்லி பூக்காது என்றார்கள். பூக்க வைத்தவள் நான்."

அடித்துவிட்டேன். செய்ததையும் செய்துவிட்டு மார்தட்டல் வேறு.

இரண்டாவது:

"மலையின் நிழல் விழாத வீடுகளுக்கு மரத்தின் நிழலே—"

இது அழகாக இருந்தது. அதனாலேயே நிறுத்தினேன். அழகாக ஆரம்பித்தால் அழகாகவே முடித்துத் தொலைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதில் கதைசொல்லி ஓர் ஆண். பெயர் ஆதவன், பேங்க் வேலை, பூப்பைத்தியம். நான்கு பக்கம் கடகடவென்று ஓடியது. ஆதவனைத் திட்டுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. சுயநலக்காரன், படித்த திமிர், அடுத்தவர் கஷ்டம் கண்ணில் படாதவன் என்று போட்டுத் தாளித்தேன். பிறகு அவன் சொல்லும் பொய்யை எழுத வேண்டிய இடம் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை என்னுடையதாக இருந்தது. செய்தது நான், திட்டு வாங்குவது அவனா? கிழித்துப் போட்டேன்.

ஆகவே நான்காவது. என் பெயர் எழிலரசி. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டிப் பிரியும் ஒரு சந்தில் வீடு. தனியாள். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்திருக்கின்றன; இரண்டும் என் கட்டிலுக்கு அடியில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வீட்டின் பின்பக்கம் சின்னதாக ஒரு தோட்டம். அதன்மேல் பக்கத்து வீட்டுப் புங்க மரத்தின் நிழல்.

மரம் அவர்களுடையது, நிழல் மட்டும் மதில்சுவர் தாண்டி என் பக்கம் விழும். பிரச்சினை இவ்வளவுதான்.

3

லில்லி என்றதும் நீங்கள் நினைத்தது வேறாக இருக்கும். மழை பெய்த மறுநாள் தரையோடு தரையாகப் பூக்குமே, அது இல்லை. மே மாதத்தில் சிவப்புப் பந்து போல ஒற்றைத் தண்டில் வருமே, அதுவும் இல்லை. அவையும் வெளியூர்தான், வந்து ரொம்ப நாளாகிவிட்டதால் யாரும் கேட்பதில்லை. நான் சொல்வது குளிர்நாட்டு லில்லி. பெரிய ஊர்ப் பூக்கடைகளில் கண்ணாடித்தாள் சுற்றி விற்பார்கள். விரிந்தால் கையகலத்துக்கு இருக்கும். இளஞ்சிவப்பு. வாசனை தெருமுனை வரைக்கும் போகும்.

ஆசை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் சந்து முனையிலிருக்கும் காபிக்கடையில் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தன் ஊர்த் தோட்டத்தை போனில் காட்டினாள். பெரிய மரத்தடியில் வரிசையாக லில்லி. "இங்கே உங்களால் முடியாது, பாவம்" என்ற அர்த்தத்தில் ஏதோ சொல்லி என் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பாவம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. ரோஷம் வந்துவிட்டது.

ஆன்லைனில் கிழங்கு வரவழைத்தேன். தோல் இல்லாத பெரிய பூண்டு மாதிரி இருந்தது. குளிரில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் அது பூக்கும். நம் ஊரில் குளிருக்கு எங்கே போவது? தேங்காய்நார்த் தூளில் புதைத்து ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தேன். அந்த மழைக்காலம் முழுக்க என் வீட்டில் கத்தரிக்காய்க்கு இடமில்லை. தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு எடுத்துத் தொட்டிகளில் நட்டு, புங்க மரத்து நிழல் விழும் மதிலோரமாக அடுக்கினேன்.

(அதே கார்த்திகையில் மலையடிவாரத்து முள்வேலிகளில் செங்காந்தள் பூத்தது. அதற்கு யாரும் ஃப்ரிட்ஜ் வைக்கவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீஸ் போனேன். வண்டியை நிறுத்தி ஒருநாள்கூடப் பார்க்கவில்லை.)

இந்த லில்லிக்குக் காலை வெயில் கொஞ்சம் பட்டால் பரவாயில்லை. உச்சி வெயில் பட்டால் மொட்டு வெந்துவிடும். புங்க நிழல் குளுகுளுவென்று அதற்கென்றே விழுந்தது. தை மாதக் கடைசியில் தண்டுக்குத் தண்டு மொட்டு, பஜ்ஜி மிளகாய் மாதிரி பருத்துத் தொங்கியது. நான் விடியும் முன்பே எழுந்து பல் தேய்க்காமல் போய் அவற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

4

கன்னியம்மாளை எப்படி அறிமுகப்படுத்துவது?

[கறுத்த, உழைத்துத் தேய்ந்த— வேண்டாம். இப்படித்தான் நாங்கள் எல்லோரையும் எழுதுகிறோம்.]

கன்னியம்மாள் எனக்குப் பக்கத்து வீடு. என்னைவிட மூத்தவள். ஆசிரமத்துப் பக்கம் ஒரு விடுதியில் சமையல் வேலை. வெளிநாட்டுக்காரர்களுக்கு உப்பு காரம் இல்லாமல் சமைத்துவிட்டு வந்து, "நாக்கு செத்தவங்களுக்கு ஆக்கிப் போட்டு என் நாக்கும் செத்துப்போச்சு எழிலு" என்பாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் மதில்சுவரின் மேல் வந்து உட்காரும். அவள் வீட்டுக்காரர் காசி, சென்ட்ரிங் வேலை பார்த்தவர். சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே போய்விட்டது.

இந்தக் காசியை நான் நிறைய மாற்றி மாற்றி எழுதியிருக்கிறேன். ஒரு பிரதியில் அவர் ஓயாமல் முனகிக்கொண்டே இருந்தார், நீங்கள் அழ வேண்டும் என்பதற்காக. இன்னொரு பிரதியில் அவருக்கு வெறும் முழங்கால் வலி, என் குற்றம் சின்னதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. இரண்டும் அயோக்கியத்தனம். உள்ளபடி இதுதான்: காசியால் நடக்க முடியாது. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார். கழிப்பறை வீட்டுக்குப் பின்னால் கோடியில், படியேறிப் போக வேண்டும். கன்னியம்மாள் அவரைத் தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு போவாள். மழை நாளில் தலையில் ஒரு பிளாஸ்டிக் கோணியைப் போட்டுக்கொண்டு போவாள். ஒருமுறை படியில் அவள் பிடி நழுவி அவர் விழுந்ததில் முகவாயில் தையல் போட்டார்கள். அதன்பிறகு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார், அடிக்கடி போக வேண்டாமே என்று.

5

தை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் தொட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு மேல் கன்னியம்மாளின் தலை தெரிந்தது.

"எழிலு, வியாழக்கிழம மரம் வெட்ட ஆளு வருது. கிளை உன் பக்கம் விழுந்தாலும் விழும். தொட்டிய கொஞ்சம் நகத்தி வச்சுக்க."

"மரத்தையா? எதுக்குக்கா?"

"மாமாவுக்கு இங்கயே ஒரு பாத்ரூம் கட்டிடலாம்னு. அவரு ரூமுக்கு ஒட்டினாப்புல வேற எடம் இல்ல, மரம் இருக்கற எடம்தான்னுட்டாரு மேஸ்திரி. செவுத்துல ஒரு கதவு வச்சிட்டா உக்காந்துகினே நவுந்து போயிடுவாரு. தூக்கித் தூக்கி என் தோளு ரெண்டும் போச்சு."

[இங்கே நான் சொல்லியிருக்க வேண்டியது: "நல்லதுக்கா. வெட்டற அன்னிக்கு நான் லீவு போடறேன்." எத்தனை முறை எழுதினாலும் இந்த வரி இவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது.]

நான் சொன்னது இது:

"அக்கா, உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். போன பௌர்ணமி விடியக்காலைல இந்த மரத்தடில ஒருத்தர் உக்காந்திருந்தாரு. கோவணம் மட்டும்தான். சடை தரையத் தொடுது. மலையப் பாத்தாப்புல கண்ண மூடிகினு இருந்தாரு. யாருங்கன்னு கேக்க வாயத் தொறந்தேன், ஆளக் காணோம். உங்க கேட்டு பூட்டினது பூட்டின மாதிரியே இருக்குது."*

வேறு ஊராக இருந்தால் திருடன் என்று தேடியிருப்பார்கள். எங்கள் ஊரில் அப்படியில்லை. பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாகச் சித்தர்கள் நடக்கிறார்கள், மனுஷராகவும் வருவார்கள், நாயாகவும் வருவார்கள் என்பது இங்கே பிறந்தவர்களுக்குச் சோற்றோடு ஊட்டப்பட்டது. அன்று வழியில் படுத்திருக்கும் கிழவரை யாரும் அதட்ட மாட்டார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்த இடத்தில் கை வைத்தேன்.

கன்னியம்மாளின் முகம் வெளிறிவிட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ சாமி! கோடாலி எடுத்தாரச் சொல்லிட்டேனே. நல்ல நேரத்துக்கு சொன்ன எழிலு. நீ மட்டும் சொல்லலன்னா இன்னாத்துக்கு ஆளாயிருப்பேன் நானு."

அப்போதே மேஸ்திரிக்கு போன் போட்டு வேண்டாம் என்றாள். நான் என் மொட்டுகளைப் பார்த்தேன். பூத்து முடிகிற வரைக்கும்தானே, பிறகு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். 'சமாளித்துக்கொள்ளலாம்' என்ற சொல்லை மட்டும் எங்கள் ஆபீசில் தடைசெய்தால் பாதி ஊழல் நின்றுவிடும். என் வீட்டிலும்தான்.

* அந்தப் பூட்டைக் கவனித்தீர்களா? நம்ப முடியாத ஒன்றை நம்பவைக்க அதன் பக்கத்தில் ஒரு சாதாரணப் பொருளை வை என்று சிறுகதைப் பட்டறைகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பிள்ளைகள் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

6

புங்க மரம் மாசியில் இலை உதிர்க்கும்.

எத்தனை வருஷம் அந்தச் சருகைக் கூட்டி அள்ளியிருக்கிறேன். எனக்குத் தெரியாதா? தெரியும். குனிந்து தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்ததில் நிமிர்ந்து மரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன். ஒரே வாரத்தில் மரம் மொட்டையானது. உச்சி வெயில் நேராக என் லில்லிகளின் தலையில் இறங்கியது.

அலறியடித்துக்கொண்டு கடைவீதிக்கு ஓடினேன். நர்சரிக்காரர்கள் கட்டுவார்களே, அந்தப் பச்சை வலை. வாங்கி வந்து நாலு மூங்கில் நட்டு இழுத்துக் கட்டினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. லில்லிகளுக்கு ஒரு குறையும் இல்லை. புங்க நிழலைவிட வலையின் நிழலில் அவை இன்னும் நன்றாகவே இருந்தன.

அந்த வலையை நான் அந்த ஞாயிற்றுக்கிழமையே கட்டியிருக்கலாம். மரம் போயிருக்கும், காசிக்கு பாத்ரூம் வந்திருக்கும், என் பூவும் பூத்திருக்கும். பொய்யே தேவைப்பட்டிருக்காது. ஒரு கடைக்குப் போக சோம்பல்பட்டு நான் ஒரு சித்தரை உண்டாக்கியிருக்கிறேன். வெட்கத்தில் முகம் சிவந்தது என்று என் கதைகளில் பலமுறை எழுதியிருக்கிறேன். எனக்கு அன்று முகம் சிவக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் கன்னியம்மாள் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "பாத்தியா, அவரு துறவிதான? அதான் மரமும் எல்லாத்தையும் உதுத்துட்டு நிக்குது."

7

பூத்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் பூத்தது. வாசனை அறைக்குள் வந்து தலைவலிக்கிற அளவுக்கு இருந்தது. படம் எடுத்துப் போட்டேன். தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். அந்தச் சந்தோஷம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை.

"எழிலு, ஒரே ஒரு பூவு குடேன். சாமிக்கு."

மரத்தின் அடியில் மஞ்சள் துணி சுற்றி ஒரு விளக்கு வைத்திருந்தாள் கன்னியம்மாள். நான் ஒன்றை வெட்டிக் கொடுத்தேன். அதை ஒரு சொம்பில் வைத்தாள். அந்தப் பூவின் நடுவில் துருப்பிடித்த நிறத்தில் மகரந்தம் இருக்கும். சட்டையில் பட்டால் துவைத்தாலும் போகாது. அது அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. பிரசாதம் என்று நினைத்துக்கொண்டு நேராக உள்ளே போய்க் காசியின் நெற்றியில் இட்டாள். ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு காட்டினார். மறுநாளும் அந்தக் கறை அவர் நெற்றியில் இருந்தது.

பங்குனியில் மரம் தளிர்த்தது. எந்தப் புங்க மரமும் பங்குனியில் தளிர்க்கும். ஆனால் அதற்குள் சந்தில் பேச்சு பரவியிருந்தது. கிரிவலம் வந்தவர்கள் வழி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். யாரோ புங்கடிச் சித்தர் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தது நான் இல்லை, அந்த ஒரு பாவம் மட்டும் என் கணக்கில் வராது. வந்தவர்களுக்குக் கன்னியம்மாள் விபூதி கொடுத்து, என் வீட்டைக் கைகாட்டி, "அதோ, அந்தப் பொண்ணு கண்ணுக்குதான் தெரிஞ்சாரு" என்பாள். அவர்கள் என்னிடம் வந்து, "நீங்கதான் பாத்தீங்களாங்க?" என்று கேட்பார்கள். ஒருவரிடம்கூட இல்லை என்று சொல்லவில்லை நான். ஈரோட்டிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம், சித்தர் கையில் கம்பு ஒன்று வைத்திருந்தார் என்று கூடுதலாகச் சொன்னேன். ஏன் சொன்னேன்? கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவின் கண் அப்படி விரிந்திருந்தது. என் புத்தகங்களைப் படித்து யாருக்கும் கண் அப்படி விரிந்ததில்லை.

சித்திரையில் லில்லி இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. கிழங்கைத் தோண்டிப் பார்த்தேன், அழுகிக் கொழகொழவென்று கையோடு வந்தது. ஆகக் காப்பாற்றுவதற்கு என்னிடம் இப்போது ஒன்றுமே இல்லை. அப்புறமும் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்த ஒரே வீட்டில் நான் சின்ன மனுஷியாக நிற்க வேண்டும். அதற்குத்தான் பயம். இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை.

8

வைகாசியில் ஒருநாள், இன்று எப்படியும் சொல்லிவிடுவது என்று அரைநாள் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கன்னியம்மாள் விடுதியிலிருந்து வரவில்லை. காசி மட்டும் கட்டிலில் இருந்தார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"உக்காரும்மா. அவ வர நேரமாவும்."

"உங்ககிட்டயே சொல்லிடறேன் மாமா. அன்னிக்கு மரத்தடில நான்—"

"யாரையும் பாக்கல. அதான?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி இருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை. இருந்தது.

"எனக்கு விடியக்காலைலயே முழிப்பு வந்துடும்மா. முழிச்சா வேற இன்னா வேல? இந்த ஜன்னல்தான், அந்த மரம்தான். பௌர்ணமி அன்னிக்கும் பாத்துகினுதான் இருந்தேன். நீ வந்த. பூவத் தொட்டுத் தொட்டுப் பாத்த. போயிட்ட. வேற யாரும் வரல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தரையைப் பார்த்தேன்.

"பூவுக்குதானம்மா?"

"ஆமா மாமா."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். கோபப்படவில்லை.

"அக்காகிட்ட ஏன் மாமா சொல்லல?"

"எப்டி சொல்றது? நான் விழுந்ததுலேந்து அவ மலைப்பக்கம் தலையத் திருப்பினதே இல்ல. தீபத்தன்னிக்கு ஊரே தெருவுல நிக்குது, இவ கதவ சாத்திகினு உள்ள உக்காந்திருந்தா. இப்பதான் வெளக்கு வெக்கறா. வாய் விட்டுப் பேசறா அதுங்கிட்ட. எனக்குக் காலு வரணும்னு கேக்கறாம்மா. கேட்டுட்டு வந்து நல்லா தூங்கறா."

"நான் இன்னிக்கு உண்மையச் சொல்லிடறேன் மாமா."

"சொல்லாத." முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "அதப் புடுங்காத அவகிட்டேந்து. ஆனா எனக்கு பாத்ரூம் வேணும். பொம்பள என்னைத் தூக்கிகினு போய் உக்கார வெக்கறா, நெனச்சிப் பாரு. கக்கூஸ் நானா போவணும்மா, அவ்ளோதான். ரெண்டும் நடக்கணும்."

"எப்டி மாமா ரெண்டும் நடக்கும்?"

"அத ஏன் என்ன கேக்கற? கத எழுதறவ நீதான? அவரு உன் கனவுல வந்து, மரத்த எடுத்துட்டு கட்டிக்கோனு சொல்லிட்டாருன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா. நீ ஆரம்பிச்சத நீயே முடி."

9

என் வாழ்க்கையில் ஒரு முடிவை எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்ட முதல் ஆள் காசிதான். எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. காசி கேட்டபடி. சித்தர் என் கனவில் வருகிறார். வந்து என்ன பேசுவார்? "மகளே" என்று ஆரம்பித்தேன், டிவி சீரியல் மாதிரி இருந்தது. "இன்னாம்மா" என்று ஆரம்பித்தால் எதிர்வீட்டுக்காரர் மாதிரி இருந்தது. "நான் மலைக்கே போகிறேன், மரத்தை எடுத்துக்கொள்" என்று எழுதியபோது நன்றாக வந்தது, படித்துப் பார்த்து எனக்கே கண் கலங்கியது. அந்தக் கலக்கத்தைப் பார்த்துத்தான் அருவருப்பாக இருந்தது. இன்னும் எத்தனை நாளைக்கு இந்தப் பெண்மணிக்கு நான் சாமி எழுதிக் கொடுப்பேன்? நாளைக்குக் காசிக்குக் கால் வரவில்லை என்றால் அதற்கும் ஒரு கனவு எழுதுவேனா?

முடிவு ஆ. உண்மை. "அக்கா, நான் யாரையும் பாக்கல. என் பூவு வெயில்ல காஞ்சிடும்னு பொய் சொன்னேன்." இதற்குமேல் ஒரு வரி நகரவில்லை. கன்னியம்மாள் பதிலுக்கு என்ன சொல்வாள்? திட்டுவது போல எழுதினேன், அவள் குரலாக இல்லை. மன்னிப்பது போல எழுதினேன், அது எனக்கு வேண்டியது. அழுவது போல எழுதி உடனே அடித்தேன். இத்தனை வருஷம் பக்கத்தில் இருந்தும் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை.

முடிவு இ. ஆடிக் காற்றில் மரம் தானாகவே

[சோம்பேறிக் கதைக்காரர்களின் கடைசிப் புகலிடம் காற்று. மேலே எழுதவில்லை.]

10

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை.

முடிவு அ-வைத்தான் தேர்ந்தெடுத்திருந்தேன். காசி கேட்டது, அவருக்குத்தான் அதிக உரிமை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, தலைக்குக் குளித்து, மரத்தடிக்குப் போனேன். கன்னியம்மாள் தட்டில் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்.

"நானே உன்ன கூப்படலாம்னு இருந்தேன் எழிலு. தோளு தூக்க விடல. டாக்டரு கனம் தூக்காதன்றாரு. நேத்து பாதி வழில அவர கீழ வச்சிட்டேன். படியில உக்கார வச்சிட்டு அழுதுட்டேன், அவரும் அழுதாரு." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மரத்த எடுத்துக்கட்டுமான்னு சாமிய தெனமும் கேக்கறேன். எனக்கு ஒண்ணும் சொல்ல மாட்டேன்றாரு. உன் கண்ணுக்குதான தெரிஞ்சாரு? உனக்கு ஏதாச்சும் சொன்னாரா?"

என்னிடம் மனப்பாடமாக இருந்தது. வாயைத் திறந்தால் போதும்.

"கற்பூரத்தப் பாத்து பயந்துக்காத. உன்ன சத்தியம் பண்ணச் சொல்லல. நீ பொய் சொல்றவளா? அவரு சொன்னாருன்னு நீ ஒரு வார்த்த சொன்னா, நாளைக்கே ஆள கூப்புடறேன். இல்லன்னாலும் பரவால்ல, தூக்கறேன். உன் ஒரு வார்த்தைக்குதான இத்தினி நாளா தூக்கினேன்."

ஜன்னலில் காசி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய்யும் தொண்டையில் இருந்தது, உண்மையும் தொண்டையில் இருந்தது. கன்னியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா" என்றேன்.

"செரி. அவரு சொல்றப்ப சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை என்னிடம் நீட்டினாள். நான் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஜன்னலைப் பார்த்தேன். காசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

11

முடிவைச் சொல்லாமல் வாசகரிடம் விட்டுவிடுவது எங்கள் தொழிலில் ஒரு கௌரவம். நானும் அப்படி நிறையக் கதைகளை விட்டிருக்கிறேன். திறந்த முடிவு என்று பாராட்டியும் இருக்கிறார்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. அங்கே ஒருத்தி ஒருவரைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள், நான் முடிவு எழுதாததால்.

இந்த வரியை எழுதும்போதும் சத்தம் கேட்கிறது. "கழுத்த கட்டிக்க. கெட்டியா. இன்னும் கொஞ்சம். வுட்றாத, வுட்றாத." பிறகு படியில் செருப்பு தேயும் சத்தம். நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய் ஒரு பக்கம் பிடிக்கலாம். ஒருநாளும் போனதில்லை. போனால் காசியின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதினால் குறையும் என்று நினைத்தேன், எழுத எழுத ஜாஸ்தியாகிறது.

இது அச்சில் வந்தாலும் கன்னியம்மாள் படிக்கப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டீர்கள். இப்போது உங்களுக்கும் தெரியும். பௌர்ணமிக்கு எப்படியும் இந்த ஊருக்கு வருவீர்கள், யாராவது ஒருவராவது வருவீர்கள். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி, புங்கடிச் சித்தர் எங்கே என்று யாரைக் கேட்டாலும் இந்தச் சந்துக்கு வழி காட்டுவார்கள். கன்னியம்மாள் விபூதி கொடுப்பாள். சித்தரைப் பற்றிச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, உங்களுக்கு ஏதாவது உத்தரவு வந்ததா என்று உங்கள் முகத்தையும் பார்ப்பாள், இப்போது எல்லோரிடமும் கேட்கிறாள். என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. எதைச் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன்.

அதோ, அந்த வீட்டுப் பொண்ணு என்று கைகாட்டுவாள். இங்கே வராதீர்கள். நான் உள்ளேதான் இருப்பேன், கதவைத் திறக்க மாட்டேன். நேராகக் காசியின் கட்டிலுக்குப் போய், அவரை ஒரு பக்கம் பிடியுங்கள்.